முதலில் இறக்கியது யாரை

என் வேலை காகிதம் வெட்டுவது. ஆஸ்பத்திரியில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் பதில் சொல்வேன். கிழவன் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும். முழுவதையும் சொன்னால் இன்னும் சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள்.

மலாயாவில், ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் சாலையோரம், ஏழெட்டு ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. முன்பக்கம் ஆண்கள் வார்டு. ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் பெண்கள் வார்டு. பின்பக்க வராந்தாவை அடைத்து ஓர் அறை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நுண்தராசு. வெள்ளைக்காரரான டாக்டர் துரை அதை லேப் என்பார். நோயாளிகள் 'தராசு ரூம்' என்பார்கள். பெயர் வைப்பதில் நோயாளிகள்தான் கெட்டிக்காரர்கள்.

பெரிய வெள்ளம் வந்து பேராக் முழுவதும் சேற்றில் கிடந்ததற்கு அடுத்த வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டுக்களத்தில் நின்று, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று செக்ரோலில் பதிவது என் பொறுப்பு. அந்தச் செக்ரோலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. புருஷன் பெயர் மேலே, பெண்சாதி பெயர் அதற்கு நேர் கீழே. அவள் அரை மணி நேரம் முன்னாலேயே வாளியோடு வந்து நின்றாலும், அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் அவளைப் பதிவேன். யாரும் போட்ட சட்டம் இல்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

என் கையெழுத்தைப் பார்த்துத்தான் டாக்டர் துரை என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் சண்டையில் எரிந்த சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தமிழ் பேசுவார். தோட்டத்தில் கற்ற தமிழ், மரியாதைச் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. கவர்னரே வந்திருந்தாலும் 'நீ வா, நீ உட்கார்' என்றுதான் சொல்லியிருப்பார். முதல் நாள் என்னிடம் கத்தரியைக் கொடுத்து, "நீ கோட்டின் மேலேயே வெட்டு. உள்ளே போகாதே, வெளியே போகாதே" என்றார். தையற்காரனிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டோமோ என்று தோன்றியது.

வேலை இதுதான். தீக்காயம் பட்டவருக்குக் கட்டு மாற்றும்போது, காயத்துக்கு மேலே ஒரு செல்லுலாய்டு தாளைப் பிடிப்பேன். கண்ணாடிபோல உள்ளே தெரியும். காயத்தின் ஓரத்தைப் பார்த்து அதன் மேல் மையால் கோடு இழுப்பேன். பிறகு தராசு ரூமுக்கு வந்து, அந்தக் கோட்டை ஒரே கனமுள்ள காகிதத்தில் படியெடுத்து, வெட்டி, நிறுப்பேன். காயம் சுருங்கினால் காகிதம் சின்னதாகும், எடை குறையும். அந்த எடைகளைத் துரை கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடாக இணைப்பார். கோடு இறங்கினால் ஆள் தேறுகிறார். இறங்காவிட்டால் தேறவில்லை. கூடவே தினமும் காலையில் காதுமடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பேன். பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு ரத்தத்திலுள்ள தண்ணீர் காயத்தின் வழியே போய்விடும், மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகிவிடும். எவ்வளவு கெட்டி என்று நிறத்தை வைத்துத் துரை கணக்கிடுவார்.

ஆரம்பத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எரிந்த தோலின் வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் அது போய்விட்டது. வாடை போகவில்லை, எனக்கு உறைக்காமல் போய்விட்டது. காயத்தைப் பார்த்தால் ஓரம் மட்டும்தான் தெரியும். நடுவில் இருப்பது யாருடைய கை, யாருடைய மார்பு என்பதெல்லாம் மங்கிவிடும். அது எனக்கு வசதியாகவே இருந்தது, ஒளிப்பானேன்.

துரை கண்டுபிடிக்க விரும்பியது ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்து உண்டு. துணியை அதில் நனைத்துக் கட்டுவார்கள். அது பழைய மருந்து. அப்போது புதிதாக இன்னொன்று வந்திருந்தது. தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்தைத் தண்ணீரில் கரைத்துக் காயத்தின் மேல் தெளிப்பது. தெளிக்கத் தெளிக்கக் காயம் பழுப்பாகி, பிறகு கருத்து, செருப்புத் தோல்போல ஓடு கட்டிக்கொள்ளும். வார்டில் அதற்குத் 'தேத்தண்ணி மருந்து' என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டில் எது ஆளைக் காப்பாற்றும்? அதுதான் கேள்வி.

நோயாளிகளைக் கேட்டால் எல்லாரும் மஞ்சளைத்தான் கேட்பார்கள். மஞ்சள் மங்களகரமாம். "தேத்தண்ணிய குடிக்கலாம், மேல ஊத்துவாங்களா?" என்று ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் மஞ்சள்தான் நல்லது என்ற எண்ணம் இருந்தது.

யாருக்கு எது என்பதைத் துரை தீர்மானிக்கமாட்டார். "நான் தேர்ந்தெடுத்தால் என் மனசு தேர்ந்தெடுக்கும்" என்பார். "மனசு பொய் சொல்லும். புஸ்தகம் பொய் சொல்லாது. நீ ஆட்கள் வரும் வரிசையில் பேரேட்டில் எழுது. ஒற்றைப்படை எண்ணுக்கு மஞ்சள். இரட்டைப்படை எண்ணுக்குத் தேத்தண்ணி. நீ யோசிக்காதே." எழுதியதை அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தனக்குத் தெரிந்தவருக்காக ஓர் எண்ணைச் சுரண்டி மாற்றினார் என்று அன்றைக்கே பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. தினமும் அந்தப் பள்ளத்தில்தான் நான் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு தோட்டத்து லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே வந்தது. பின்னால் ரப்பர் பால் வாளிகளைத் தள்ளிவிட்டு, வாழை இலை பரப்பி, இரண்டு பேரைக் கிடத்தியிருந்தார்கள். புருஷனும் பெண்சாதியும். இருவருக்கும் முப்பது வயதை ஒட்டி இருக்கும். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் புகைவீட்டில் அவருக்கு அடுப்பெரிக்கிற வேலை, அந்த அக்காவுக்கு ஷீட்டுகளைத் திருப்பிப் போடுகிற வேலை. மேல் கொடியிலிருந்து ஒரு ஷீட்டு நழுவி அடுப்பில் விழுந்து, குப்பென்று பற்றி, வரிசையாக எல்லாம் பிடித்துக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண்சாதியை இழுத்து வர அவர் ஓடியிருக்கிறார். மேலேயிருந்து உருகிச் சொட்டிய ரப்பர் இருவர் மேலும் விழுந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான் இருந்தது. ஆட்கள் லாரியின் விளிம்போரம் கிடந்த புருஷனைத் தூக்கப் போனார்கள். அவர் தலையை மட்டும் தூக்கிச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"என்னைய விடுங்கப்பா. மொதல்ல அவள எறக்குங்க."

ஆட்கள் அவரைத் தாண்டிப் போய் அந்த அக்காவை எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் என் பக்கமாகத்தான் போனது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அந்த அக்கா என்னைப் பார்த்து, "அவரு காலு கீழ இடிக்காம தூக்கச் சொல்லுங்க ஐயா" என்றார். ஸ்ட்ரெச்சர் காலியாகத் திரும்பி வந்து அவரை எடுத்துப் போனது. நான் உள்ளே போய்ப் பேரேட்டைத் திறந்தேன். கடைசியாக இருந்த எண் பதினைந்து. லாரிக்காரரிடம் பெயர் கேட்டேன், தோட்டத்தின் பெயர் கேட்டேன், எழுதினேன். மை காய்ந்ததும் மூடினேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேருடைய உடம்புப் படத்தையும் வரைந்து, எரிந்த இடங்களைத் தனியாக வெட்டித் தராசில் வைத்தேன். ஒருவருடையதை ஒரு தட்டிலும் மற்றவருடையதை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தார் துரை. முள் அசைந்து அசைந்து கிட்டத்தட்ட நடுவில் நின்றது. ஒரே தீ, ஒரே நேரம், ஒரே அளவு காயம். ஒருவருக்குத் தேத்தண்ணி, ஒருவருக்கு மஞ்சள். "இப்படி ஒரு ஜோடி கிடைக்காது" என்றார் துரை. அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. பிறகு அதற்கு வெட்கப்பட்டவர்போல ஜன்னலைத் திறக்கப் போனார். நான் வெட்கப்படவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. மேல் உடம்பு பாதி வெந்து கிடக்கிறது, என்னைக் கேலி செய்கிறார். செல்லுலாய்டு தாளைத் தோளுக்கு மேல் பிடித்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஆயாவிடம், "என்னக்கா, இந்தக் கிராணி எனக்கு ரவிக்கைக்கு அளவெடுக்குறாரா? கை கொஞ்சம் எறக்கமா வைக்கச் சொல்லுங்க" என்றார். ஆயா சிரித்துவிட்டார். எனக்குக் கோடு கோணிப்போயிற்று. "அவருக்குத் தேத்தண்ணியாமே, சீனி போட்டாங்களா இல்லியா?" என்று அடுத்த கேள்வி. அவர் புருஷன் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். நடுநடுவே "ஏ புள்ள" என்று குரல் கொடுப்பார். இந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று பதில் போகும். வார்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருடைய காதுமடலில் ரத்தம் எடுக்கப் போனேன். தொடையிலும் முதுகிலும் ஓடு கட்ட ஆரம்பித்திருந்தது. குப்புறப் படுத்திருந்தார்.

"கிராணி, அவளுக்கு எது போட்டிருக்கு?"

"மஞ்சண்ணே."

"எனக்கு மட்டும் ஏன் இந்தத் தேத்தண்ணி?"

"பேரேட்டுல வர்ற வரிசைப்படி மாத்தி மாத்திப் போடுறாங்கண்ணே. ஒருத்தருக்கு அது, அடுத்தவருக்கு இது."

 அவர் வெடித்த உதட்டோடு சிரித்தார்.

"அப்ப மொதல்ல எறங்குனதுக்கு மஞ்ச, பின்னால எறங்குனதுக்குத் தேத்தண்ணி. நல்ல வேள கிராணி, அவள மொதல்ல எறக்குங்கன்னு நா சொன்னேன் பாருங்க. என் நாக்குல சாமி வந்து நின்னிருக்கு லா."

எனக்கு உடனே புரியவில்லை. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக்கொண்டு பாதி வராந்தா வந்த பிறகுதான் கால் நின்றது. முதலில் இறங்கியது அந்த அக்கா. பதினைந்துக்கு அடுத்தது பதினாறு. பதினாறு இரட்டைப்படை. அந்த அக்காவுக்குத் தேத்தண்ணி அல்லவா வந்திருக்க வேண்டும்?

போய்ப் பேரேட்டைத் திறந்தேன். பதினாறு, புருஷன். பதினேழு, பெண்சாதி. என் கையெழுத்து, அழகாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. செக்ரோலில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தேன். ஸ்ட்ரெச்சர் என்னை உரசிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு, உள்ளே வந்து புருஷனை மேலே எழுதிப் பெண்சாதியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தேத்தண்ணி மருந்தை ஒரு நாளுக்குள் போட்டால்தான் பிடிக்கும் என்று துரை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வந்தது பத்து மணிக்கு. இப்போது எட்டேகால். துரை உள்ளேதான் இருந்தார். அந்த ஜோடிக்கென்று புதிதாக ஒரு கட்டத்தாள் எடுத்து, ஒருவருக்கு நீல மை, மற்றவருக்குச் சிவப்பு மை என்று இரண்டு முதல் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தார். நான் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன் போய் நின்றேன்.

"என்ன?" என்றார்.

"ஒன்றும் இல்லை துரை. ரத்தம்" என்று தகட்டை நீட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பழகிய மருந்து, தேத்தண்ணி புதிது. அந்த அக்காவுக்கு நல்லதுதானே நடந்திருக்கிறது, அதைக் கெடுப்பானேன் என்பது ஒரு காரணம். நான் சொன்னாலும் துரை மருந்தை மாற்றியிருப்பாரா என்பது இன்னொன்று. மாற்றியிருப்பாரோ மாட்டாரோ, கேட்காததால் தெரியாது. இதெல்லாம் பிறகு ஜோடித்தது. அன்றைக்கு உண்மையில் என் மனதில் இருந்தது நாற்காலியிலுள்ள பள்ளம் மட்டும்தான். வேலை போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

பத்து மணி அடித்தபோது நான் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அந்த அக்கா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். மூன்றாம் நாள் காலையில் எடுத்த ரத்தம் தகட்டில் பரவவில்லை, வைத்த இடத்திலேயே நின்றது. ஈரத் துணியைப் பிரிக்கும்போது முனகினார், ஆனால் கேலி செய்யவில்லை. கேலி செய்யாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதாவது சொல்லமாட்டாரா என்று கோட்டை மெதுவாக இழுத்தேன். "அவரு சாப்புட்டாரா?" என்று ஒருமுறை கேட்டார். சாப்பிட்டார் என்றேன். அது மட்டும் நிஜம். அவருக்கு ரத்தம் இளகிக்கொண்டு வந்தது, சூடு குறைந்திருந்தது, கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நாலாம் நாள் சுரம் ஏறியது. அந்த அக்கா தான் பெரட்டுக்களத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "வந்துட்டேன் ஐயா, வந்துட்டேன், எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். நான் செல்லுலாய்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல்லை வேறு யாருக்கோ சொன்னதாக எடுத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். தடுப்புக்கு அப்பாலிருந்து "ஏ புள்ள" என்று குரல் வந்தது. பதில் போக நேரமாயிற்று. ஆயா எட்டிப் பார்த்து, "தூங்குதுப்பா" என்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அந்த அக்கா போய்விட்டார். துரை வந்து பார்த்துவிட்டு, வராந்தாக் குழாயில் நெடுநேரம் கை கழுவினார். பிறகு என்னிடம், "கடைசிக் காகிதம் நிறுத்தாயா?" என்று கேட்டார். நிறுத்தேன். முதல் நாள் இருந்த எடையேதான். சிவப்புக் கோடு ஐந்து புள்ளியும் படுத்துக் கிடந்தது. "எழுது" என்றார். எழுதினேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் இந்த வயதில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

புருஷனிடம் ஆயாதான் சொன்னார். அவரால் எழுந்திருக்க முடியாது, ஓடு உடைந்தால் சீழ் பிடிக்கும். தோட்டத்திலிருந்து நாலு பேர் லாரியில் வந்து அந்த அக்காவை எடுத்துப் போனார்கள். லாரி கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை அவர் குப்புறப் படுத்தபடி தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஆறு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், அவரை அளந்தேன். மூன்றாவது வாரத்தில் ஓடு ஓரத்திலிருந்து பெயர ஆரம்பித்தது. அடியில் புதுத்தோல், மெல்லியதாக, வெங்காயத்தோல்போலப் பளபளத்தது. நீலக் கோடு ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தது. துரை அதைச் சுவரில் மாட்டினார். வேறு தோட்டங்களிலிருந்து டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த இரண்டு பேரும் வந்த வரிசையிலேயே எழுதப்பட்டார்களா?" என்று கேட்டார். துரை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. "ஆமாம்" என்றேன்.   தேநீர் குடித்துவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணி மருந்து பத்துப் பதினைந்து வருஷம் எங்கும் கொடிகட்டிப் பறந்தது. பிறகு, அது உடம்புக்குள் இறங்கி ஈரலைக் கெடுக்கிறது என்று சொல்லிக் கைவிட்டார்கள். மஞ்சளையும் கைவிட்டார்கள். பதினாறு பதினேழு என்று நான் எழுதிய பேரேடு ஜப்பான்காரன் காலத்தில் அடுப்பெரிக்கப் போயிருக்கும். அந்த அக்காவுக்குத் தேத்தண்ணி போட்டிருந்தாலும் போயிருக்கலாம். புருஷனுக்கு மஞ்சள் போட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். ஒரு ஜோடியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் எனக்கு நானே ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏனென்றால் எனக்கு உறுத்துவது எந்த மருந்து நல்லது என்பது இல்லை.

ஏழாவது வாரம், அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள். புதுத்தோலில் உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஊசி முனையால் தோலை இலேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பேன். தெரிந்த இடத்துக்குப் படத்தில் கறுப்புப் புள்ளி. தெரியாத இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. துரை ஈப்போவுக்குப் போயிருந்தார். தராசு ரூமில் நாங்கள் இருவர் மட்டும்தான். காலை வெயில் மேசைவரை வந்திருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியுதாண்ணே?"

"தெரியுது."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இலேசா."

கொஞ்ச நேரம் இப்படியே போனது. முழங்காலுக்கு மேலே வந்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார்.

"கிராணி, அன்னைக்கு நா வாய வச்சிக்கிட்டு சும்மா கெடந்திருக்கணும்."

நான் ஊசியை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

"அவனுங்க என்னையத்தான் மொதல்ல தூக்க வந்தானுங்க. நாந்தான் அவள எறக்கச் சொன்னேன். என்னைய எறக்கியிருந்தா மஞ்ச எனக்கு வந்திருக்கும். இது அவளுக்குப் போயிருக்கும். அவ இப்ப இங்க ஒக்காந்து ஒங்கள கிண்டல் பண்ணிக்கிட்டு இருப்பா." மூச்சு வாங்கிக்கொண்டார். "தீக்குள்ள போயி இழுத்துட்டு வந்தேன். ஆசுபத்திரி வாசல்ல வச்சு நானே தள்ளி விட்டுட்டேன்."

என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. 'அண்ணே, நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, அவங்கள மொதல்ல எறக்குனதுக்கு வரவேண்டியது தேத்தண்ணிதான், நாந்தான் மாத்தி எழுதிட்டேன்.' அவ்வளவுதான். அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவர் என்னை அடித்திருப்பார். துரையிடம் போயிருப்பார். எனக்கு வேலை போயிருக்கும். ஆனால் அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பாரத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருப்பார். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். அந்த வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். கேட்க அவர் இல்லை.

"இங்க தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஊசி அவருடைய தொடைக்குள் நன்றாக இறங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக அழுத்திக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அதைச் சுற்றி ஒரு சொட்டு ரத்தம் மெதுவாக முளைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நான் தொடுவதற்காகக் காத்திருந்தார்.

"இன்னும் தொடலியா?" என்றார்.

ஊசியை எடுத்தேன். பஞ்சால் துடைத்தேன். படத்தில் அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன்.